வெயில், உப்பு, மழை மூன்றையும் தாங்கும் சாய்வு ட்ரைசைக்கிள்: வடசென்னையில் கட்டவும் ஓட்டவும் முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு ஏழு வருடம் சாதாரண சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன். கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிய பிறகுதான் சாய்வு ட்ரைசைக்கிள் பக்கம் கவனம் திரும்பியது. நாற்காலியில் சாய்ந்தபடி உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கிற மூன்று சக்கர வண்டி அது. உடம்பின் பாரம் முதுகிலும் இடுப்பிலும் பரவிவிடும். கைக்குச் சுமை கிடையாது, சிக்னலில் கால் ஊன்ற வேண்டியதும் இல்லை. கடையில் எளிதாகக் கிடைக்காது என்பதால் நானே கட்டினேன். இதுவரை இரண்டு வண்டி. முதலாவதில் பட்டதையெல்லாம் வைத்துத்தான் இரண்டாவதைக் கட்டினேன். இங்கே எழுதுவதும் அதிலிருந்துதான்.

இந்த வகை வண்டி புதுசு இல்லை. பிரான்சில் சார்ல் மோஷே என்பவர் கட்டிய சாய்வு சைக்கிளில் பிரான்சிஸ் ஃபோர் 1933இல் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. ஆனாலும் ஐரோப்பாவில் ஆர்வலர்கள் விடவில்லை. குளிருக்கும் மழைக்கும் முழுக்க மூடிய கூடு போட்ட மூன்று சக்கர வண்டிகளைக் கட்டினார்கள். வெலோமொபைல் என்று அவற்றுக்குப் பெயர்.

அந்தக் கூட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கத்திரி வெயிலில் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். என் முதல் வண்டியில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். கழுத்து வரை சுற்றிலும் அடைத்தேன். மழைத்தண்ணீர் எப்படியோ உள்ளே வந்தது, போக வழியில்லாமல் இருக்கைக்குக் கீழே தேங்கியது. மழை இல்லாத நாளில் வியர்வையில் நனைந்தேன். காசிமேட்டில் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடும் பெரியவர் ஒருவரிடம் கூட்டைக் காட்டினேன். “தம்பி, தண்ணி உள்ள வராமப் பாத்துக்கவே முடியாது. வந்த தண்ணி போறதுக்கு வழி வெச்சியா?” என்று கேட்டார். இரண்டாவது வண்டியை அந்தக் கேள்வியை வைத்துத்தான் வடிவமைத்தேன். நம் பக்கம் எல்லாப் பருவத்துக்கும் ஆன வண்டி என்றால் முதலில் வெயிலைப் பார்க்கணும், அடுத்து கடற்காற்றின் உப்பை, அதற்கப்புறம்தான் மழையை.

உங்களையும் உங்கள் வாசலையும் அளந்துகொள்ளுங்கள்

முதுகைச் சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை அளந்து எழுதிவையுங்கள். இருக்கையிலிருந்து பெடல் எவ்வளவு தள்ளி இருக்கணும் என்பதற்கு இதுதான் அடிப்படை. கால் முழுக்க நீளும்போது முழங்காலில் லேசான மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டே வாரத்தில் முழங்காலின் பின்பக்கம் வலிக்கும்.

அடுத்து வாசல். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்து வீடுகளில் இரண்டரை அடி வாசல் சகஜம். அதாவது 76 செ.மீ. முன்சக்கரங்களுக்கு நடுவே 75 செ.மீ. இடைவெளி வைத்தால், டயரும் அச்சு முனையும் சேர்ந்து வண்டி 82 செ.மீ. அகலம் வந்துவிடும். நேராக உள்ளே போகாது, ஒருக்களித்துத்தான் தூக்கிப் போகணும். அதற்காக இடைவெளியைக் குறைக்காதீர்கள், வண்டி கவிழாமல் நிற்பதே அந்த அகலத்தில்தான். வீட்டுக்குள் கொண்டுபோனதும் பின்சக்கரத்தின் மேல் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்துக் கட்டிவிட்டால் ஒரு பீரோ அளவு இடம் போதும்.

முன்னால் இரண்டா, பின்னால் இரண்டா

ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டு சக்கரம். சாய்வு வண்டியையும் அப்படிக் கட்டலாம், ஸ்டியரிங் வேலை சுலபமாக முடியும். ஆனால் திருப்பத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் வெளிப்புறமாகப் பாய்கிறது, அங்கே இரண்டு சக்கரம் இருந்தால்தான் தாங்கும். நான் முன்னால் இரண்டு 20 இஞ்ச், பின்னால் ஒரு 26 இஞ்ச் வைத்தேன். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 105 செ.மீ. இருக்கை உயரம் 38 செ.மீ. தரைக்கும் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் 15 செ.மீ.

வெளிநாட்டு வேக வண்டிகளில் இருக்கை இதைவிட நன்றாகத் தாழ்ந்திருக்கும். இந்த ஊருக்கு அது சரிவராது. நம் தெரு வேகத்தடை விதிப்படி 10 செ.மீ. உயரம் இருக்கணும், அக்கம்பக்கத்தார் தாங்களே போட்டது எந்த உயரத்திலும் இருக்கும். உயரமாக உட்கார்ந்தால் மற்ற வண்டிக்காரர்கள் கண்ணிலும் படுவோம். அதற்கு ஒரு விலை உண்டு. ஆளும் வண்டியும் சேர்ந்த பாரத்தின் மையம் தரையிலிருந்து 50 செ.மீ., பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு முன்னச்சில் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 8 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 22 கி.மீ. தொட்டால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். இந்த எண் எப்போதும் மனசில் இருக்கட்டும். கூரை போடும்போது மறுபடி இதற்கு வருவோம்.

சாமான் சேர்ப்பது

பாதி வண்டி காயலான் கடையில் கிடைக்கும். ஒரு பழைய 26 இஞ்ச் கியர் சைக்கிள் சட்டம் வாங்குங்கள். அதன் பின்முக்கோணம், பெடல் அச்சு ஓடும் பிபி குழாய் இரண்டும் அப்படியே பயன்படும். இரண்டு சின்னப்பிள்ளை சைக்கிள்கள் வாங்கினால் ஹேண்டில்பார் திரும்புகிற தலைக்குழாயும் அதன் பேரிங்கான கோன் செட்டும் இரண்டு ஜோடி கிடைத்துவிடும், 20 இஞ்ச் ரிம்மும் அதிலேயே வரும். வண்டியின் முதுகெலும்பான நடுச்சட்டத்துக்கு 38 மி.மீ. சதுர எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) டியூப், 16 கேஜ் தடிமன், பாரிமுனை இரும்புக் கடைகளில் வெட்டிக் கொடுப்பார்கள். அதைவிட மெல்லிய 18 கேஜ் போதும் என்று சொன்னாலும் வாங்காதீர்கள். அரை கிலோ மிச்சம் பிடித்து விரிசல் வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு கம்பியின் முனைகள், பழைய கண்ணாடிகள் புதுப்பேட்டையில் கிடைக்கும்.

புதுசாகத்தான் வாங்கணும் என்று நான் பிடிவாதமாக இருப்பது நான்கு: பேரிங், பிரேக், செயின், டயர்.

சட்டம்

காகிதத்தில் எவ்வளவு வரைந்தாலும் போதாது. சிமெண்ட் தரையில் சாக்பீஸ் தடவிய நூலை இழுத்து வண்டியின் நடுக்கோட்டைப் போடுங்கள். அதற்குக் குறுக்கே மூலைமட்டம் வைத்து முன்னச்சுக் கோடு, 105 செ.மீ. தள்ளிப் பின்னச்சுக் கோடு. சக்கரங்களைச் செங்கல் வைத்து நிறுத்தி, டியூப்களை மரக்கட்டை மேல் வைத்து, முழு வண்டியையும் தரையிலேயே உருவமாகப் பார்த்துவிடுங்கள். ஒரு பலகையைச் சாய்த்துப்போட்டு அதில் நீங்களே உட்கார்ந்தும் பாருங்கள். முதுகுச் சாய்வு தரையிலிருந்து 45 டிகிரி அளவில் எனக்கு ஒத்துவந்தது. இன்னும் படுத்தால் போக்குவரத்தில் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டிவரும்.

வெல்டிங்குக்கு, மீன்பாடி வண்டி கட்டிப் பழகிய பட்டறையைத் தேடுங்கள். கேட்டும் ஜன்னல் கிரில்லும் மட்டும் செய்பவரைவிட, ஓடுகிற வண்டிக்குப் பற்றவைத்தவருக்கு எந்த மூட்டில் பாரம் விழும் என்பது தெரியும். கொருக்குப்பேட்டையில் நான் போன பட்டறை அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, படுத்துக்கினே ஓட்டப் போறியா?” என்று கேட்டார். “ஆமாண்ணே, நடுச்சட்டமும் குறுக்குச்சட்டமும் சேர்ற எடம்தான் பயமா இருக்கு” என்றேன். உடனே இரண்டு முக்கோணத் தகடு வெட்டி அந்த மூட்டின் இருபக்கமும் வைத்தார். சரியான இடம் அது. முன்சக்கரங்கள் இரண்டும் குறுக்குச்சட்டத்தின் முனைகளில்தான் நிற்கும். ஒவ்வொரு மிதியிலும் நடுச்சட்டம் முறுக்கிக்கொள்வது அங்கேதான், விரிசல் விட்டாலும் அங்கேதான் முதலில் விடும்.

முதலில் எல்லா மூட்டையும் புள்ளிப் புள்ளியாக மட்டும் பற்றவைக்கச் சொல்லுங்கள். அளவு சரிபார்த்த பிறகு முழு வெல்டு. ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் சூட்டில் டியூப் இழுத்துக்கொண்டு வளையும், எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றிப் போடணும். பெடல் பகுதியைத் தனியாக, நடுச்சட்டத்துக்குள் நுழைகிற சின்ன டியூபில் வையுங்கள். 32 மி.மீ. டியூப் உள்ளே லொடலொடவென்று இருக்கும், தகட்டுத் துண்டு வைத்து இறுக்கிக்கொள்ளலாம். கால் நீளம் வேறான ஒருவர் ஓட்டவேண்டி வந்தால் இழுத்து மாற்றிக்கொடுக்க வசதி.

முன்சக்கரமும் ஸ்டியரிங்கும்

வண்டியின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள், இதற்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்.

சாதாரண சைக்கிளில் முன்சக்கர அச்சை இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்துக்கொள்கிறது. இங்கே ஒரே பக்கத்துப் பிடிப்புதான். சைக்கிள் அச்சு இதில் வளைந்துவிடும். லேத் பட்டறையில் ஈஎன்8 இரும்பில் 15 மி.மீ. அச்சு கடைந்து, 6002 பேரிங் உட்காரும்படி ஹப் செய்துகொள்ளுங்கள். பேரிங் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக இருக்கட்டும். ஸ்போக்ஸ் 36 போட்டு, நன்றாகக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் சாயாது. அதனால் பக்கவாட்டு விசை முழுவதும் ஸ்போக்ஸ் மேல்தான் விழுகிறது.

கிங்பின் என்பது சக்கரம் திரும்புகிற அச்சு, அதாவது நீங்கள் வெட்டியெடுத்த தலைக்குழாய். அதைக் குறுக்குச்சட்டத்தின் முனையில் பற்றவைக்கும்போது இரண்டு சாய்வு வேண்டும்.

ஒன்று, மேல்முனை உள்பக்கமாகச் சாயணும். எவ்வளவு என்றால், கிங்பின் கோட்டைக் கீழே நீட்டினால் டயர் தரையைத் தொடுகிற இடத்தில் போய் நிற்கணும். 20 இஞ்ச் சக்கரத்தின் ஆரம் சுமார் 24 செ.மீ. அச்சு மட்டத்தில் கிங்பின்னுக்கும் சக்கர நடுக்கோட்டுக்கும் 5.5 செ.மீ. என்றால் சாய்வு 13 டிகிரி. இது சரியாக அமைந்தால் ஒரு பக்க பிரேக்கை மட்டும் பிடித்தாலும் ஹேண்டில் கையைவிட்டு இழுக்காது. இன்னொன்று, மேல்முனை உங்களை நோக்கி, அதாவது பின்பக்கமாக, 12 டிகிரி சாயணும். ஹேண்டிலை விட்டாலும் வண்டி தானாக நேராவது இந்தச் சாய்வால்தான்.

அப்புறம் ஸ்டியரிங் கை. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகிறது. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று உரசியே தீரும். இதற்கு அக்கர்மன் அமைப்பு என்று 200 வருடத்துக்கு மேலாக இருக்கிற தீர்வு உண்டு. கிங்பின்னிலிருந்து பின்னோக்கி வரும் கைகள், பின்சக்கர அச்சின் நடுப்புள்ளியைக் குறிபார்க்க வேண்டும். கிங்பின்களுக்கு நடுவே 64 செ.மீ., பின்னச்சு 105 செ.மீ. தூரம் என்றால் ஒவ்வொரு கையும் உள்பக்கம் 17 டிகிரி திரும்பியிருக்கும். தரையில் நூல் பிடித்துப் பார்த்தால் கோணமானியே தேவையில்லை. கைகளை டை ராடால் இணைத்து, இருக்கைக்கு அடியில் ஒரு ஹேண்டில் வைத்தால், கைகள் தொடைக்குப் பக்கத்தில் தொங்கியபடி ஓட்டலாம். தோள் வலி என்ற பேச்சே இருக்காது.

கடைசியாக அலைன்மென்ட். ஒருவரை இருக்கையில் உட்காரவைத்து, இரண்டு ரிம்முக்கும் நடுவே அச்சு உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் அளங்கள். முன்பக்கம் 1 அல்லது 2 மி.மீ. குறைவாக இருந்தால் சரி. இந்த வித்தியாசம் 1 செ.மீ. ஆனால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு 10 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது என்று அர்த்தம். என் முதல் வண்டியில் புது டயர் ஒரே மாதத்தில் நூல் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

எல்லாம் முடிந்ததும் இருக்கையில் உட்கார்ந்து பின்சக்கரத்துக்கு அடியில் எடை பார்க்கும் மெஷினை வையுங்கள். மற்ற இரண்டு சக்கரங்களுக்கும் அதே உயரத்தில் பலகை கொடுங்கள். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு காட்டணும். அதைவிட ரொம்பக் குறைந்தால் அழுத்தி பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் தூக்கும். இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

பிரேக், செயின், கியர்

முன்சக்கரம் இரண்டுக்கும் கேபிள் டிஸ்க் பிரேக். கேபிள் என்றால் எந்த சைக்கிள் கடையிலும் சரிசெய்ய முடியும். பின்சக்கரத்துக்கு ஒரு சாதாரண ரிம் பிரேக் வைத்து, லீவரை ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டால் அதுவே பார்க்கிங் பிரேக். இது கட்டாயம் வேண்டும். மூன்று சக்கர வண்டி சரிவில் தானாக உருண்டு போய்விடும்.

செயின் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடணும், மூன்று சைக்கிள் செயினைச் சேர்த்து இணைத்தால் நாலரை மீட்டர் அளவில் வரும். வழியில் அதைத் திசைதிருப்ப ஒரு கப்பி தேவை. 40 பல் செயின் வீலில் 170 மி.மீ. கிராங்க் (பெடல் கை) வைத்து 40 கிலோ விசையில் மிதித்தால் செயினில் 84 கிலோ இழுப்பு வருகிறது. கப்பியில் செயின் 20 டிகிரி வளைந்தால் கப்பி போல்ட் மேல் மட்டும் 29 கிலோ விழும். அதனால் இழுக்கிற மேல்பக்கச் செயின் முடிந்தவரை நேராகப் போகட்டும், கப்பி போல்ட் தடியாக இருக்கட்டும். சும்மா திரும்பி வருகிற கீழ்ப்பக்கச் செயினை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

செயின் பேண்டில் கிரீஸ் பூசாமல் இருக்கக் குழாய் போடணும். 16 மி.மீ. சொட்டுநீர்ப் பாசனக் குழாய் இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. முனைகளை லைட்டர் சூட்டில் லேசாகப் புனல் மாதிரி விரித்துவிடுங்கள், இல்லையென்றால் செயின் அதை அறுக்கும்.

கியர் விஷயத்தில் நம் ஊர் சமதரைதானே என்று அலட்சியம் வேண்டாம். மேம்பாலம் ஏறும்போது சாய்வு வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. முன்னால் 36 பல், பின்னால் 11 முதல் 34 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு) வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 34 பல் கியரில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஏறலாம். எதிர்முனையில் 80 சுற்றில் 32 கி.மீ. வரும், அதற்குமேல் இந்தத் தெருக்களில் எதற்கு?

மோட்டார் பொருத்த நினைத்தால் ஒன்று: மிதிக்கு உதவுகிற மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, 25 கி.மீ. வேகத்தில் நின்றுவிட்டால்தான் பதிவெண் இல்லாமல் ஓட்டலாம்.

இருக்கை

ஃபோம் மெத்தை வேண்டவே வேண்டாம். முதுகு முழுக்கச் சாய்ந்திருக்கும் வண்டியில் ஃபோம் வைத்தால் பத்து நிமிடத்தில் சட்டை பிழியலாம், மழையில் நனைந்தால் இரண்டு நாள் காயாது. நாடா கட்டில் பின்னுகிற நைலான் நாடாதான் நமக்கு ஏற்றது. முக்கால் இஞ்ச் குழாயில் இருக்கை வடிவத்தை வளைத்து, அதன்மேல் நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் பின்னுங்கள். இடுப்பு பகுதியில் இறுக்கமாக, தோள் பகுதியில் கொஞ்சம் தளர்வாக. காற்று முதுகில் படும், தண்ணீர் நிற்காது, தொய்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். இந்த வண்டியிலேயே என் மனசுக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

கூரையும் கூடும்

கூரைக்கு சன்பேக் ஷீட். கடைகளில் விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிற, உள்ளே கோடு கோடாக வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் ஷீட். 5 மி.மீ., வெள்ளை. ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ எடைதான். கருப்பு, நீலம் வாங்கினால் ஷீட்டே சூடாகித் தலையில் வீசும். சட்டத்துக்கு அரை இஞ்ச் அலுமினியக் குழாய். எலக்ட்ரிக்கல் பிவிசி பைப் மலிவுதான், ஆனால் மே மாதத்தில் தொய்ந்துவிடும்.

தலைக்கும் கூரைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முன்பக்கம் சற்று உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து சரிவாக இருக்கட்டும், பின்பக்கத்தை முழுக்கத் திறந்தே விடுங்கள். ஓடும்போது முன்னால் நுழைகிற காற்று முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஷீட்டின் கோடுகள் முன்பின்னாக ஓடும்படி வைத்து, மேல்முனை ஓட்டைகளை டேப் ஒட்டி மூடி, கீழ்முனையைத் திறந்து வையுங்கள். அப்போதுதான் உள்ளே போன ஈரம் வடியும். வெயிலில் ஓரிரு வருடத்தில் ஷீட் நொறுங்கத் தொடங்கும். போல்ட் போடாமல் கேபிள் டை போட்டுக் கட்டினால் மாற்றுவது அரைமணி வேலை.

எடையைக் கவனியுங்கள். தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் 4 கிலோ கூரை வைத்தால், நாம் மேலே பார்த்த 50 செ.மீ. பாரமையம் கிட்டத்தட்ட 3 செ.மீ. உயர்ந்துவிடும். திருப்பத்தில் அது தெரியும். இரண்டரை கிலோவுக்குள் முடிக்கப் பாருங்கள்.

பக்கவாட்டை மூடலாமா? கடலோரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு என் பதில், கூடாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும், எண்ணூர் விரைவுச்சாலையில் அது நேராக விலாவில் அடிக்கும். மணிக்கு 40 கி.மீ. காற்று, முக்கால் சதுர மீட்டர் பக்கத்தடுப்பை ஆறு கிலோ விசையில் தள்ளும். பக்கத்தில் லாரி போகும்போது அந்தத் தள்ளல் திடீரென்று நின்று மறுபடி அடிக்கும், வண்டி அலைபாயும். நான் இரண்டு தார்ப்பாய்த் திரைகளை வெல்க்ரோ போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில்லாத நேர்மழைக்கு மட்டும் ஒட்டிக்கொள்வேன், மற்ற நாளில் சுருட்டிப் பின்னால் கட்டியிருக்கும்.

முன்மூக்கை ஃபைபரில் செய்யலாம். கால் நனையாது, காற்றும் கொஞ்சம் வெட்டும். தெர்மோகோலை வடிவமாகச் செதுக்கி, அதன்மேல் பிரவுன் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டணும். பாலியெஸ்டர் ரெசின் நேரடியாகப் பட்டால் தெர்மோகோல் கரைந்துபோகும். மெழுகு தடவி, ஃபைபர் மேட் இரண்டு அடுக்கு ரெசினில் ஊறவைத்துப் போடுங்கள். நம் சூட்டுக்கு ஹார்டனர் நூற்றுக்கு ஒரு பங்கே போதும், கூட ஊற்றினால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ரெசினை வேகமாக இறுகவைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் ஹார்டனர். கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மூக்கின் அடியில் விரல் நுழைகிற அளவில் நான்கு ஓட்டை, பெரியவர் கேட்ட வழி அதுதான்.

முன்கண்ணாடி வைத்தால் அதன் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு நான்கு விரல் கீழே நிற்கட்டும். வைப்பர் இல்லாத ஷீட் வழியாக மழையில் ஒன்றும் தெரியாது, இரவில் எதிர்வெளிச்சம் பட்டால் இன்னும் மோசம். அதன் மேலாகத்தான் பார்த்து ஓட்டணும், தொப்பி விளிம்பு கண்ணைக் காக்கும்.

மேலிருந்து விழுகிற மழையைவிட சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர்தான் உங்களை நனைக்கும். முன்சக்கரங்கள் உங்கள் கைக்குப் பக்கத்திலேயே சுழல்கின்றன. மட்கார்டு கட்டாயம், அதுவும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும்படி கிங்பின் அச்சில் பொருத்தணும். பணம் இல்லையென்றால் கூரையைத் தள்ளிப்போடுங்கள், மட்கார்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

உப்பு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலுக்குப் பக்கத்தில் வசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். வெறும் ரெட் ஆக்சைடு அடித்து எனாமல் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். இரும்பைப் பளிச்சென்று தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பெயின்ட். டியூபின் உள்பக்கத்தை மறந்துவிடுவார்கள், துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஆளிவிதை எண்ணெயை உள்ளே ஊற்றி, வண்டியைப் புரட்டிப் புரட்டி எல்லாப் பக்கமும் படவிட்டு மிச்சத்தை வடித்துவிடுங்கள். சட்டத்தின் தாழ்வான இடங்களில் 4 மி.மீ. வடிகால் ஓட்டை போடுங்கள்.

கூரை, மட்கார்டு போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கலாம். பாரம் தாங்குகிற அச்சு, டை ராடு, கப்பி ஆகியவற்றுக்கு மட்டும் 8.8 கிரேடுக்குக் குறையாத ஹைடென்சில் போல்ட்தான், கிரீஸ் தடவிப் போடுங்கள். கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் அதைவிடப் பலம் குறைந்தது.

ஓட்டுவது

முதல் நாள் தெருவுக்குப் போகாதீர்கள், விடிகாலையில் காலியான மைதானம் பாருங்கள். பெடலில் டோ கிளிப்பும் வாரும் மாட்டாமல் ஒரு அடிகூட நகரக் கூடாது. ஓடும்போது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னேறக் காலைப் பின்னால் இழுத்து அடியில் சிக்கவைத்துவிடும். கணுக்கால் முறிகிற விஷயம் இது.

பிறகு எட்டு வடிவத்தில் சுற்றுங்கள். திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்க்கப் பழகுங்கள். வேண்டுமென்றே மெதுவான வேகத்தில் உள்சக்கரம் தூக்குகிற எல்லையை ஒருமுறை உணர்ந்து பாருங்கள், பின்னால் பயம் இருக்காது. சைக்கிளில் பள்ளத்தை விலக்கிப் போகும் பழக்கம் இதில் உதவாது. மூன்று தடத்தில் மூன்று சக்கரம், ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று விழும். வேகத்தைக் குறைப்பதுதான் வழி. வேகத்தடையில் நேராக ஏறுங்கள், கோணலாக வேண்டாம்.

இனி டிரெய்லர்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிப் பக்கத்திலும் எப்போதும் உண்டு. ஓட்டுநர் இரண்டு மீட்டருக்கு மேலான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் தலை ஒரு மீட்டர் உயரத்தில். அவருக்கு நேர் முன்னாலோ இடது கதவை ஒட்டியோ நீங்கள் இருந்தால் அவருக்கு நீங்கள் இல்லவே இல்லை. டிரெய்லரின் இடதுபக்கம் நுழைந்து முந்துவதை அடியோடு மறந்துவிடுங்கள். அது திரும்பும்போது பின்பகுதி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் அதன் மூக்கடியில் நிற்காதீர்கள், பின்னால் பத்தடி விட்டு அதன் கண்ணாடி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கும் உங்களைப் பார்க்க முடியும்.

இரண்டு மீட்டர் உயரத்தில் ஆரஞ்சு கொடி, பகலிலும் எரிகிற சிவப்பு விளக்கு, இரண்டு பக்கமும் கண்ணாடி, கூரையின் பின்விளிம்பில் பிரதிபலிக்கும் டேப். மூங்கில் கம்பு வேண்டாம், வளைந்து நிமிர்கிற ஃபைபர் கம்பி வாங்குங்கள். ஆரம்பத்தில் ஞாயிறு காலை 5.30 மணிக்குக் கிளம்பி காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை போய் வெயில் ஏறும்முன் திரும்புங்கள். பத்து ஞாயிறு ஓட்டிய பிறகு வேலை நாளில் கிளம்பலாம்.

தேங்கிய தண்ணீரில் முன்சக்கர அச்சு மூழ்குகிற ஆழம், அதாவது 24 செ.மீ., கடைசி எல்லை. நான் அதில் பாதியிலேயே திரும்பிவிடுவேன், ஏனென்றால் கீழே திறந்த மேன்ஹோல் இருந்தால் தாழ்ந்த வண்டியில் உட்கார்ந்து பார்க்க முடியாது. கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களை மழை நாளில் வழிப்பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் முதல் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சக்கரத்தைச் சுற்றினேன், லேசாகச் சுற்றியது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் எல்லாப் பேரிங்கும் இறுகிப்போயின. வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பேரிங் சீலை ஊசியால் நெம்பித் திறந்து, கழுவி, காயவைத்து, புது கிரீஸ் வையுங்கள்.

மழையில் ஓட்டி வந்த நாளில் வீட்டுக்குள் ஏற்றும்முன் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி உப்பையும் சேற்றையும் கழுவுங்கள். பழைய துணியால் செயினைப் பிடித்தபடி பெடலைப் பத்துச் சுற்று சுற்றினால் ஈரம் போய்விடும், அப்புறம் சொட்டுச் சொட்டாக எண்ணெய். மாதம் ஒருமுறை செயினில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். செயின் ஆணியிலிருந்து ஆணிக்கு 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்கணும், அதில் ஒன்றரை மி.மீ. கூடிவிட்டால் செயின் மாற்றும் நேரம். அதே நாளில் டார்ச் அடித்து, முக்கோணத் தகடு வைத்த அந்த நடுமூட்டைச் சுற்றி வெல்டு ஓரத்தில் மயிரிழைக் கோடு எதுவும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.